அனல் ஏறும் வயதில் எந்த வழி? எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கு ஓர் ஒப்பீடு

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இந்திய அரசு மருத்துவமனைகள் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். அந்த ஆண்டுகளில் கைக்குழந்தையை இடுப்பிலும் கணவரின் இறப்புச் சான்றிதழைப் பையிலும் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற பெண்களுக்கு இன்று ஐம்பதை ஒட்டிய வயது. பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கி, விடியற்காலை ஜீப்பில் ஏறி தேனி மாவட்டத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரள மலையின் ஏலத்தோட்டத்துக்குப் போய், கூலியோடு திரும்புகிறார்கள். அவர்களுக்கு இப்போது புதிதாக ஒரு தொல்லை. மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் குபீரென்று அனல் ஏறுகிறது. வண்டன்மேட்டுக் குளிரிலும் நடு இரவில் போர்வையை உதறிவிட்டு உட்கார வேண்டியிருக்கிறது. தூக்கம் போய்விட்டது. எரிச்சல், படபடப்பு, மூட்டுவலி, யாரிடமும் சொல்லக் கூசும் வறட்சி.

இது பெரும்பாலும் மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லை. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47 வாக்கில். கடைசித் தீட்டு வந்து முழுதாக 12 மாதம் கழிந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கு முன்னால் இரண்டு மூன்று ஆண்டுகள் முறை தவறி, விட்டு விட்டு வரும் காலம்தான் பெரும்பாலும் அதிகப் பாடு படுத்துகிறது.

நான் மருத்துவர் இல்லை. செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தப் பெண்களோடு நெடுங்காலமாகப் பழகிவருகிறேன். அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “பொறுத்துக்கொள்வதா, மருந்து எடுப்பதா? எடுப்பதென்றால் எந்த மருந்து?” முன்னால் இருப்பவை நான்கு வழிகள். தாங்கிக்கொள்வது ஒன்று, ஹார்மோன் மருந்து ஒன்று, ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் ஒன்று, நாட்டு மருந்து ஒன்று. இவற்றை ஒப்பிடும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இல்லாத ஒரு கூடுதல் கணக்கு இவர்களுக்கு உண்டு. தினமும் விழுங்கும் அந்த ஒரு மாத்திரையோடு புதிய மருந்து ஒத்துப்போகுமா என்பதே அது. அந்தக் கணக்கைப் போடாமல் கொடுக்கப்படும் எந்த மருந்தையும் நான் நம்புவதில்லை, எழுதிக் கொடுத்தவர் எவ்வளவு பெரிய படிப்புப் படித்திருந்தாலும்.

வந்திருப்பது அதுதானா?

வழியைத் தேர்வதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இரவில் நனைய நனைய வியர்ப்பது மாதவிடாய் நிற்பதன் அடையாளமாக இருக்கலாம். காசநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. கூட்டு மருந்தைக் கொடுக்கும் மையத்தில் ஒவ்வொரு முறையும் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை என்று நான்கு கேள்விகள் கேட்பார்கள். நம்மவர்கள் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். பஸ் போய்விடும் என்ற அவசரம். வியர்வையோடு இருமலோ காய்ச்சலோ எடைக்குறைவோ சேர்ந்திருந்தால், வயதைக் காரணம் காட்டாமல் முதலில் சளிப் பரிசோதனை. மாதவிடாய் அனல் சில நிமிடங்களில் வந்து போய்விடும். பகலிலும் வரும். காய்ச்சல்மானி வைத்துப் பார்த்தால் காய்ச்சல் காட்டாது.

தைராய்டு கூடினாலும் படபடப்பும் வியர்வையும் வரும். இரத்தசோகை இருந்தாலும் சோர்வும் நெஞ்சு அடித்துக்கொள்வதும் இருக்கும். இரண்டுக்கும் சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். ஆனால் 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்குத் தீட்டு முறை தவறி அனலும் ஏறுகிறது என்றால், அதை உறுதிப்படுத்தத் தனியாக ஹார்மோன் பரிசோதனை தேவையில்லை. இரண்டு நாள் கூலியை ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம்.

இன்னொன்று எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து. 2020க்கு முன்பு மருந்து தொடங்கிய பலர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்கள். தூக்கம் கெடுவது, கெட்ட கனவு, மனச்சோர்வு எல்லாம் அதன் பக்கவிளைவுகள். இன்று பெரும்பாலானவர்களுக்கு டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரைதான், டி.எல்.டி. என்பார்கள். ஏதோ காரணத்தால் இன்னும் எஃபாவிரென்ஸில் இருப்பவர், அனலுக்கு மருந்து தேடுமுன் அந்த மாத்திரையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

ஓராண்டு நின்றுபோன பிறகு சொட்டு இரத்தம் கண்டாலும் அது தீட்டு இல்லை. உடனே காட்ட வேண்டும். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. மாதவிடாய் நின்றபின், புண் தோன்றும் பகுதி உள்ளே ஒடுங்கிவிடுவதால், அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனை நம்பகம் இழக்கிறது. அந்தப் புற்றுக்குக் காரணமான வைரஸைத் தேடும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை கிடைத்தால் அதையே கேளுங்கள்.

தாங்கிக்கொள்வது

இதற்குத்தான் ஆதரவு அதிகம். மாமியார் தாங்கினார், அம்மா தாங்கினார், நீயும் தாங்கு என்பார்கள். செலவில்லை, யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. லேசான அனல், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, தூக்கம் கெடவில்லை என்றால் இதுவே சரியான வழியும்கூட. பருத்தி உடை, இரவில் கனமான கம்பளிக்குப் பதில் இரண்டு மெல்லிய போர்வை, மாலைக்குப் பிறகு காபியைக் குறைப்பது, வெற்றிலையோடு போடும் புகையிலையை விடுவது, இவையெல்லாம் கொஞ்சம் உதவும். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றிப் பயிற்சி கொடுக்கும் ஆலோசனை முறைக்கு நல்ல சான்று இருக்கிறது. மையத்து ஆலோசகரிடம் மாத்திரைக் கணக்கு மட்டும் பேசாமல் தூக்கத்தைப் பற்றியும் பேசலாம்.

கடுமையான அறிகுறிகளைத் தாங்கிக்கொள்வது வேறு விஷயம். இங்கிலாந்தில் 2016, 2017இல் எச்.ஐ.வி.யோடு வாழும், 45 முதல் 60 வயது வரையுள்ள 869 பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. அறிகுறிகள் கடுமையாக இருந்த பெண்களிடம் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தவறவிடுவது கூடுதலாக இருந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. மூன்று மணி வரை விழித்துக் கிடந்து, நாலரைக்கு எழுந்து, சோறு கட்டி, ஐந்தரை ஜீப்பைப் பிடிக்கும் பெண்ணுக்கு மறதி வராமல் என்ன செய்யும்? இருபது ஆண்டு விடாமல் மாத்திரை விழுங்கிக் காத்த உடம்பு, தூக்கமின்மையால் கோட்டை விடும் இடம் இது. ஆகவே இந்த வழி இலவசம் என்று சொல்பவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு.

ஹார்மோன் மருந்து

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் வரும் அனலுக்கு ஈஸ்ட்ரோஜனைப்போல வேலை செய்யும் மருந்து வேறு இல்லை. அனல் ஏறும் தடவைகள் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைகின்றன. தூக்கம் திரும்புகிறது, எலும்புத் தேய்வும் மட்டுப்படுகிறது. எச்.ஐ.வி. இருப்பதாலேயே இதை எடுக்கக் கூடாது என்ற விதி எங்கும் கிடையாது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் “உனக்கு அதெல்லாம் ஒத்துக்கொள்ளாது” என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பதிலுக்குள் இரண்டு பழைய பயங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வின் பயம். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்ட்ரோன்போல வேலை செய்யும் மருந்து) சேர்த்து எடுத்தவர்களில், 10,000 பெண்கள் ஓராண்டு எடுத்தால் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய், 8 பேருக்குப் பக்கவாதம் என்று கணக்கு வந்தது. உலகம் முழுக்க மருத்துவர்கள் கையைச் சுட்டுக்கொண்டதுபோல் மருந்தை விட்டுவிட்டார்கள். அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63 என்பதைப் பிறகுதான் நிதானமாகப் பார்த்தார்கள். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்தாண்டுக்குள் தொடங்கும் பெண்ணுக்கு, வேறு தடை இல்லையென்றால், பெரும்பாலும் நன்மையே கூடுதல் என்பது இன்றைய நிலை.

இரண்டாவது, ஏ.ஆர்.டி.யோடு மோதும் என்ற பயம். எஃபாவிரென்ஸ் காலத்தில் அது நியாயமானது. அந்த மருந்து கல்லீரலை முடுக்கிவிட்டு ஈஸ்ட்ரோஜனை விரைவாகச் சிதைத்துவிடும்; போட்ட மருந்து போதாமல் போகும். டோலுடெக்ராவிர் அப்படிச் செய்வதில்லை. டி.எல்.டி. சாப்பிடும் பெண்ணுக்கு ஹார்மோன் மருந்தோடு பொருட்படுத்த வேண்டிய மோதல் இல்லை. மாத்திரை மாறி ஆண்டுகள் ஆகிவிட்டன, பதில் மட்டும் மாறாமல் இருக்கிறது. முதல் மருந்து பலிக்காதபோது கொடுக்கும் இரண்டாம் நிலை மருந்தான அட்டாசனாவிர், லோபினாவிர் போன்றவற்றை ரிடோனாவிரோடு எடுப்பவர்களுக்குக் கவனம் வேண்டும். ஈஸ்ட்ரோஜன் அளவு குறையலாம், புரோஜெஸ்டின் அளவு கூடலாம். எடுக்கக் கூடாது என்று பொருளில்லை. அளவைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்யும் மருத்துவர் வேண்டும்.

யாருக்கு இது ஆகாது என்பதும் தெளிவாகவே இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர், மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர், கல்லீரல் நோய் தீவிரமாக இருப்பவர். எச்.ஐ.வி.யோடு ஹெபடைடிஸ் பி, சி இருப்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கல்லீரல் பரிசோதனையோடுதான் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

மாத்திரையா, தோலில் தடவும் ஜெல்லா? மாத்திரை மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் வாய்வழி ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது. தோல்வழி ஜெல் அப்படிக் கூட்டுவதாகத் தெரியவில்லை. எடை கூடியவர், இரத்த அழுத்தம் உள்ளவர், புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஜெல்தான் மேல் என்பேன். விலை கூடுதல், கம்பத்துக் கடையில் சொல்லிவைத்து வாங்க வேண்டியிருக்கலாம். ஆறு பேர் படுக்கும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) அறையில் இன்னொரு மாத்திரை டப்பாவைவிட ஒரு ஜெல் குழாய் குறைவான கேள்வியையே எழுப்பும் என்று ஒருத்தி சொன்னாள். விலைப்பட்டியலில் வராத கணக்கு அது.

கருப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்ரோனும் கட்டாயம் சேர வேண்டும், இல்லையென்றால் கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுவரை போகலாம். கருப்பை எடுத்தவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். இங்கே ஓர் இடைச்செருகல் சொல்லியாக வேண்டும். வெள்ளைப்படுகிறது, வயிறு வலிக்கிறது என்று போன முப்பத்தைந்து, நாற்பது வயதுப் பெண்களுக்குக் கருப்பையை எடுத்துவிடும் வழக்கம் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் என்று எல்லை பார்க்காமல் பரவியிருக்கிறது. சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. எடுத்திருந்தால் அன்றே மாதவிடாய் நின்ற கணக்கு. நாற்பதுக்குள் நின்றுபோன பெண்ணுக்கு ஹார்மோன் மருந்து அனலைத் தணிக்க மட்டும் இல்லை; எலும்புக்கும் இதயத்துக்கும் வேண்டியே, இயல்பாக நிற்கும் வயது வரையாவது கொடுக்கச் சொல்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள்.

தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் சொட்டு இரத்தம் வருவது உண்டு. அதற்கு மேலும் நீடித்தால் காட்ட வேண்டும். இது கருத்தடை மருந்தும் அன்று. 50 வயதுக்குள் நின்றால் இரண்டு ஆண்டு, 50க்கு மேல் நின்றால் ஓராண்டு வரை கருத்தடை வேண்டும்.

ஹார்மோன் இல்லாத மாத்திரைகள்

ஹார்மோன் ஆகாதவர்களுக்கும் வேண்டாதவர்களுக்கும் வென்லாபாக்சின், கபாபென்டின் போன்றவை இருக்கின்றன. அனலைச் சராசரியாகப் பாதியளவு குறைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஹார்மோன் அளவுக்கு வராது. ஒரு நன்மை, ஓரிரு வாரத்திலேயே பலன் தெரிந்துவிடும். வென்லாபாக்சின் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து. இரண்டும் சேர்ந்து வாட்டும் பெண்ணுக்கு ஒரே மாத்திரையில் இரண்டு வேலை. இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடும், திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும். மலை ஏறிப் பத்து நாள் தோட்டத்திலேயே தங்குபவர் மாத்திரை தீர்ந்துவிடாமல் கணக்குப் பார்த்து எடுத்துப் போக வேண்டும்.

கபாபென்டினுக்கு இந்தத் தலைமுறையில் தனி இடம் உண்டு. ஆரம்ப ஆண்டுகளில் கொடுத்த ஸ்டாவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்து பலருக்கும் உள்ளங்காலில் எரிச்சலையும் மரப்பையும் விட்டுச் சென்றிருக்கிறது. இரவில் ஒரு கபாபென்டின் அனலோடு அந்த எரிச்சலையும் சிலருக்குத் தணிக்கிறது, தூக்கமும் கொடுக்கிறது. அதே தூக்கக் கலக்கம் விடிகாலை வரை இழுத்தால் கொண்டை ஊசி வளைவில் ஜீப்பின் பின்கம்பியில் தொங்குபவருக்கு ஆபத்து. விடுமுறைக்கு முந்தைய இரவில் முதல் மாத்திரையைப் போட்டுப் பார்ப்பது நல்லது. டி.எல்.டி.யோடு இந்த இரண்டும் மோதுவதில்லை.

நாட்டு மருந்து

கம்பத்தில் நாட்டு மருந்துக் கடை, அரசு மருத்துவமனையில் சித்தப் பிரிவு, மலை ஏறினால் குமுளியில் வரிசையாக ஆயுர்வேதக் கடைகள். தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம், அசோகாரிஷ்டம், சதாவரி குளம் (அதே கிழங்கின் கேரள லேகியம்) என்று கேட்டதும் எடுத்து வைப்பார்கள். என்ன நோய், என்ன மாத்திரை என்று யாரும் கேட்கமாட்டார்கள். இந்த வழியின் ஈர்ப்பே அதில்தான் இருக்கிறது. ஆபத்தும் அங்கேயேதான்.

தண்ணீர்விட்டான் கிழங்கோ சோயாவோ அனலைத் தணிக்கும் என்பதற்குச் சான்று மெலிந்தது. சிலருக்கு இதமாக இருக்கிறது என்றால் நான் தடுக்கமாட்டேன். என் கவலை பற்பத்தையும் செந்தூரத்தையும் பற்றியது. டோலுடெக்ராவிர் வயிற்றில் கால்சியம், இரும்பு, மக்னீசியம், அலுமினியம் ஆகியவற்றைக் கண்டால் அவற்றோடு ஒட்டிக்கொண்டு இரத்தத்தில் சேராமல் போய்விடும். சங்கு பற்பமும் பவழ பற்பமும் முத்துச்சிப்பி பற்பமும் அடிப்படையில் சுண்ணாம்பு, அதாவது கால்சியம். அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் இரும்பு. எலும்புக்கு ஒன்று, சோகைக்கு ஒன்று என்று மாதவிடாய் நிற்கும் வயதில் எழுதிக் கொடுக்கப்படுபவை பெரும்பாலும் இவைதாம். வைத்தியர் கொடுத்தது சரியாகவே இருக்கலாம், ஏ.ஆர்.டி. மாத்திரையைப் பற்றி அவரிடம் சொல்லாததால், இரண்டும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் சந்திக்கின்றன. மாத்திரை தவறாமல் விழுங்கியும் வைரஸ் அளவு ஏறினால், திட்டு வாங்குவது அந்தப் பெண்தான்.

இங்கிலீஷ் மருந்துக் கடையின் கால்சியம் மாத்திரைக்கும், இரும்பு மாத்திரைக்கும், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் திரவத்துக்கும் இதே கதைதான். டி.எல்.டி.யை இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பு, அல்லது ஆறு மணி நேரம் பின்பு எடுக்க வேண்டும். கால்சியத்தையும் இரும்பையும் மட்டும், சாப்பாட்டோடு சேர்த்து என்றால் டி.எல்.டி.யுடன் ஒன்றாகவே விழுங்கலாம். வெறும் வயிற்றில் கூடாது. நெஞ்செரிச்சல் மருந்துக்கு அந்தச் சலுகை இல்லை. இரவு டி.எல்.டி. எடுப்பவர் கால்சியத்தைக் காலைச் சாப்பாட்டோடு எடுத்துவிட்டால் எந்தக் கணக்கும் தேவையில்லை.

கல்லீரலைக் கெடுக்கும் சில மூலிகைச் சரக்குகளும் கன உலோகம் கலந்த தயாரிப்புகளும் சந்தையில் இருக்கின்றன. பெயர் ஒட்டாத பொட்டலம் எதுவானாலும் வேண்டாம். எச்.ஐ.வி.யையே போக்கிவிடுவேன், ஏ.ஆர்.டி.யை நிறுத்து என்று சொல்பவரின் படியை மறுபடி மிதிக்க வேண்டாம்.

அந்த இடத்து வறட்சி

இது நான்கு வழிகளுக்கும் வெளியே நிற்கும் சங்கதி. அனல் சில ஆண்டுகளில் தானாக அடங்கலாம்; வறட்சி அடங்காது, கூடும். எரிச்சல், உறவில் வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று. உள்ளே பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு, இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. உடலில் சேர்வது மிகமிகக் குறைவு என்பதால் எந்த ஏ.ஆர்.டி. மருந்தோடும் கவலையில்லை. ஹார்மோன் மாத்திரை வேண்டாம் என்பவரும் இதை எடுக்கலாம். மார்பகப் புற்று வந்தவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு.

கேரள எல்லையில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். ஆணுறை பயன்படுத்தும்போது அது கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் உறை நைந்து கிழியும். சில ஈஸ்ட்ரோஜன் களிம்புகளும் எண்ணெய்ப் பசை உள்ளவை. அவற்றை உறவுக்குச் சற்று முன் போடாமல் மற்ற இரவுகளில் போட வேண்டும். நீர்ப்பசை ஜெல் எதையும் கெடுக்காது. வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நிலைத்துவிட்ட பெண்ணிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவதில்லை என்பது உறுதிப்பட்ட உண்மை. கணவருக்குத் தொற்று இல்லாத வீடுகளில் பல ஆண்டுப் பயம் அதனால் விலகியிருக்கிறது. பயம் போன பிறகும் வலியால் ஒதுங்கிப் படுக்கும் பெண்களுக்கு ஒரு குழாய்க் களிம்பு போதும் என்பதை ஏன் யாரும் சொல்வதில்லை?

எலும்பு, இதயம்

சுருக்கமாக: டெனோபோவிர் எலும்பின் அடர்த்தியை, முக்கியமாக முதல் ஓரிரு ஆண்டுகளில், கொஞ்சம் குறைக்கிறது, மாதவிடாய் நிற்பதும் குறைக்கிறது. சிறு இடறலில் எலும்பு முறிந்தவர், மெலிந்தவர், ஸ்டீராய்டு எடுத்தவர் எலும்பு அடர்த்திச் சோதனையைக் கேட்க வேண்டும். எச்.ஐ.வி.யோடு வாழும் 40 முதல் 75 வயது வரையுள்ள 7,769 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், தினம் ஒரு பிடாவாஸ்டாடின் (கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை) மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 35 விழுக்காடு குறைத்தது. ஆகவே ஸ்டாடின் வேண்டுமா என்ற கேள்வியையும் கேளுங்கள். ரிடோனாவிர் எடுப்பவருக்கு சிம்வாஸ்டாடினும் லோவாஸ்டாடினும் கூடவே கூடாது. சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுபவர், டோலுடெக்ராவிரோடு நாளுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

யாரிடம் போவது?

ஏ.ஆர்.டி. மையத்தில் உங்கள் மருந்து வரலாறு முழுதும் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. மகப்பேறு மருத்துவர் மட்டும் அங்கே இல்லை. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மையம் என்றால், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் இருப்பதுபோல, அதே வளாகத்தில் மகளிர் பிரிவுக்குச் சீட்டு எழுதி வாங்கலாம். கம்பத்திலிருந்து தேனியே 40 கிலோமீட்டர், அதற்கும் அப்பால் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். மாத்திரை வாங்கப் போகும் அதே நாளில் இதையும் முடிப்பதுதான் கட்டுப்படியாகும்.

ஊரில் உள்ள தனியார் மகளிர் மருத்துவர் பக்கம்தான், நேரமும் மிச்சம். ஆனால் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவள் உங்கள் தெருக்காரியாக இருப்பாள். அதனால்தான் பலர் மாத்திரையைப் பற்றி வாய் திறப்பதில்லை. அங்கே போய்ச் சொல்லாமல் மருந்து வாங்குவதைவிட, தாமதமானாலும் க.விலக்கு மேல்.

மூன்றாவது, எல்லை தாண்டுவது. தெரிந்த முகம் இருக்காது என்று கம்பத்தார் கட்டப்பனைக்கும், அதே காரணத்துக்காகத் தோட்டத்துத் தமிழர்கள் தேனிக்கும் போகிறார்கள். மலைப் பாதையில் எதிரெதிரே கடந்து போகும் பஸ்களில் இரண்டு பக்கத்து ரகசியமும் பயணம் செய்கிறது. கேரளத்தில் பரிசோதனை மையத்துக்கு ஜ்யோதிஸ் என்றும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு உஷஸ் என்றும் பெயர். இங்கே நம்பிக்கை மையம் என்று கேட்டுப் பழகியவர் தேடும்போது தடுமாறுவார். ஓரிடத்தில் ஏ.ஆர்.டி.யும் இன்னோரிடத்தில் ஹார்மோனும் வாங்குவதில் தவறில்லை, இரண்டு இடத்துக்கும் ஒரே சீட்டு தெரிந்திருந்தால்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, நோய்நிலையைக் காரணமாகச் சொல்லி மருத்துவம் மறுக்கக் கூடாது. உங்கள் ஒப்புதல் இல்லாமல் அதை வெளியே சொல்லவும் கூடாது. மறுத்தால் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 1097 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம்.

என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். 47 வயது, கருப்பை இருக்கிறது, டி.எல்.டி., வேறு நோயில்லை, தூக்கமில்லாமல் தவிக்கிறார்: ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் இரவில் புரோஜெஸ்ட்ரோனும், மூன்று மாதத்தில் மறுபார்வை. 39 வயதில் கருப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்டவர்: அனல் இல்லாவிட்டாலும் ஈஸ்ட்ரோஜன் பற்றிப் பேசியே ஆக வேண்டும். 54 வயது, மார்பகப் புற்று வந்து குணமானவர், கால் எரிச்சலும் உண்டு: இரவில் கபாபென்டின், வறட்சிக்கு நீர்ப்பசை ஜெல். இரண்டாம் நிலை மருந்தில் இருப்பவர், சர்க்கரையும் உண்டு: கம்பத்தில் எதையும் தொடங்காமல் நேரே க.விலக்கு. லேசான அனல் மட்டும் உள்ளவர்: மெல்லிய போர்வை, மறுபடி அடுத்த மாத்திரை நாளில் பேச்சு.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: ஏ.ஆர்.டி. புத்தகம், தினமும் விழுங்கும் எல்லா டப்பாக்களும் லேகியக் குப்பி உட்பட, கருப்பை எடுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டு, கடைசித் தீட்டு வந்த மாதமும் அனல் ஏறும் வேளைகளும் குறித்த ஒரு துண்டுத்தாள். எழுதத் தெரியாதவர் மகளை எழுதச் சொல்லலாம். மகளுக்குத் தெரியக் கூடாது என்றால் மையத்து ஆலோசகரே குறித்துக் கொடுப்பார்.